அம்மா பெயரில் ஒரு சாய்கோடு

‘நாமா தீடாக் சா’ என்று சிவப்பில் வந்தது. பெயர் செல்லாதாம்.

அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கைப்பேசியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “என்னா பாப்பா, எங்கப்பா வச்ச பேரு. இத்தன வருசம் எல்லாரும் கூப்பிட்டாங்க. இப்ப வந்து செல்லாதுங்குது?”

கண் பரிசோதனைக்கு நேரம் எடுக்கத்தான் அந்தப் படிவத்தைத் திறந்திருந்தோம். எந்த இடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த மாதமும் அங்கேதான் போகவேண்டும்.

அம்மா பெயரில் ஒரு குறையும் இல்லை. மலேசியாவில் நம்மவர்களில் மிகப் பலர் அடையாள அட்டையில், அதாவது ஐசியில், இருக்கிற அதே சாய்கோடுதான் அதிலும் இருக்கிறது. ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். மகன், மகள். தன் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் வேலிக்கம்பு மாதிரி சாய்ந்து நிற்கும் அந்தக் கோடு. படிவத்தை எழுதியவர் பெயர் என்றால் எழுத்தும் இடைவெளியும்தான் என்று முடிவு கட்டிவிட்டார். கோட்டைக் கண்டதும் படிவம் கதவைச் சாத்திவிட்டது.

நான் கோட்டை எடுத்துவிட்டு ஏபி என்று சேர்த்து அடித்தேன். வாங்கிக்கொண்டது. அதோடு போயிற்றா? பரிசோதனையன்று போனபோது கவுண்டரில் இருந்த பெண் கணினியையும் ஐசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பேரு ஐசில இருக்கிற மாதிரி இல்லையே கா” என்றார். இருபது நிமிடம் போயிற்று.

எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். என் வேலையே இதுதான். பன்னிரண்டு வருடமாக டெஸ்டர். இணையத்தளமும் செயலியும் வெளியே போவதற்கு முன்னால் அவற்றை உடைத்துப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள். கம்பெனி கோலாலம்பூரில், நான் ஈப்போவில். சொந்தக்காரர்கள் கேட்டால் “கம்ப்யூட்டர் ரிப்பேரா?” என்பார்கள். ரிப்பேர் பண்ணுவது வேறு ஆள். எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்வதுதான் நான். அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது.

இந்தப் பதிவு அந்த வேலையைப் பற்றி. கொஞ்சம் நீளம். கோப்பி கலக்கிக்கொண்டு வாருங்கள்.

ஓடுது. யாருக்கு ஓடுது?

எங்கள் தொழிலில் இரண்டு கேள்விகள். ஒன்று, சொன்ன வேலையைச் செய்கிறதா? பொத்தானை அழுத்தினால் பதிவாகிறதா, கணக்குச் சரியாக வருகிறதா? இது செயல்பாட்டுச் சோதனை. இரண்டாவது, ஒரு மனுசரால் அதை வைத்துத் தன் காரியத்தை முடிக்க முடிகிறதா? இது பயன்பாட்டுச் சோதனை. முதலாவதில் முழு மார்க் வாங்கிவிட்டு இரண்டாவதில் கோட்டை விடுகிற தளங்கள்தான் ஊரில் அதிகம்.

பயன்பாட்டுக்கு உலகத் தர நிர்ணயம் ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 9241, பதினோராவது பாகம். காரியம் முடிந்ததா, எவ்வளவு பாடுபட்டு முடிந்தது, முடித்தவருக்குத் திருப்தியா என்று மூன்றை அளக்கச் சொல்கிறது. எனக்குப் பிடித்தது அது வைக்கிற நிபந்தனை: எந்தப் பயனர், என்ன நோக்கம், எந்தச் சூழல் என்று முதலில் குறித்துக்கொண்டு அப்புறம் அளக்கவேண்டும். “இந்தத் தளம் எளிமையானது” என்று மொட்டையாகச் சொல்ல இடமே இல்லை. யாருக்கு என்று சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்வியை எப்படிச் சோதிக்கிறோம் என்று நம்ம ஐசி எண்ணை வைத்தே காட்டுகிறேன். பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். பேராக் என்றால் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். எனக்கு அந்தக் கட்டத்தைக் கொடுத்தால் முதலில் பதினொன்று போடுவேன், அப்புறம் பதின்மூன்று. கோடு போட்டு, போடாமல். பதின்மூன்றாம் மாதம். பிப்ரவரி 30. வாட்சாப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது வாலில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு காலி இடம். மனுசர்கள் தப்புப் பண்ணுவது எல்லையோரத்தில்தான். அதனால் நாங்களும் வேலியோரமாகவே நடப்போம்.

அந்த இரண்டு இலக்க ஆண்டு இருக்கிறதே, அது பொல்லாதது. 1926இல் பிறந்த பாட்டிக்கும் 26, 2026இல் பிறக்கும் கொள்ளுப்பேத்திக்கும் 26. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அதற்கு ஒரு ஐசி கொடுத்தால் 77 என்று தொடங்கும். பாதித் தளங்கள் அதற்கு ஐம்பது வயசுகூட ஆகவில்லை என்று சொல்லும்.

அரிசிப் பையும் தராசும்

அம்மா பால்மரம் சீவியவர். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம். விடிவதற்கு முன்னால் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் நெரை என்கிற மரவரிசை, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்துக் காண்டா வாளியில் ஸ்டோருக்குச் சுமந்து வருவார்கள். அங்கே கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், எடை போடுவார். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்க்க மெட்ரோலாக் என்று ஒரு கருவி. கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும். பாலில் மிதக்கவிட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார். எடை கூட வரட்டும் என்று தண்ணீர் கலந்தவர்கள் அதில் மாட்டுவார்கள்.

ஆக, ஆளைச் சோதிக்கக் கருவி இருந்தது. கருவியைச் சோதிக்கத்தான் யாரும் இல்லை.

ஒரு மாதம் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதே மரம், அதே வாளி, தோளுக்குத் தெரிகிற அதே கனம். ஏட்டில் மட்டும் குறைகிறது. வாய்ச்சண்டை போட்டால் யார் கேட்பார்கள்? ஒரு நாள் கடையிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிரிக்காமல் அப்படியே ஸ்டோருக்குத் தூக்கிப் போயிருக்கிறார். “ஐயா, இத கொஞ்சம் வச்சுப் பாருங்க.” தராசு நாலே முக்கால் காட்டியதாம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மறுவாரம் தராசைச் சரி பண்ண ஆள் வந்தது.

இந்தக் கதையைச் சின்ன வயதில் வீரக் கதையாகக் கேட்டேன். வேலைக்கு வந்து நாலைந்து வருடம் கழித்துத்தான் அதில் இருந்த தொழில் புரிந்தது. விடை முன்கூட்டியே தெரிந்த ஒன்றை உள்ளே கொடுத்து, வெளியே என்ன வருகிறது என்று பார். எதிர்பார்த்ததும் வந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் அது பிழை. எதிராளி மறுக்க முடியாதபடி பலர் முன்னால் காட்டு. நாங்கள் மூன்று நாள் பயிற்சியில் படிக்கிறதை அம்மா ஒரு அரிசிப் பையில் முடித்துவிட்டார்.

கிராணிக்குத் தெரிந்த எண்

2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் அன்வார் இப்ராஹிம் ‘பாடு’ என்ற முதன்மைத் தரவுத்தளத்தைத் தொடக்கி வைத்தார். உதவித்தொகை போகவேண்டிய வீட்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும், அதற்கு எல்லாரும் தங்கள் விவரத்தைப் பதிந்து சரிபார்க்கவேண்டும் என்று மார்ச் 31 வரை தவணை. நல்ல நோக்கம். திறந்த அன்றே முன்னாள் துணை அமைச்சர் ஓங் கியான் மிங் ஒரு ஓட்டையைக் காட்டினார்: இன்னொருவருடைய ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தாலே அவர் பெயரில் பதிந்துகொள்ள முடிகிறது. அடுத்து, கடவுச்சொல் விஷயத்திலும் ஒரு ஓட்டையைச் சிலர் கண்டுபிடித்தார்கள். அப்போதைய பொருளாதார அமைச்சர் ரஃபிஸி ரம்லியின் தரப்பு அடைத்துவிட்டதாக அறிவித்தது.

படித்ததும் எனக்குத் தோட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சுங்கை சிப்புட்டுக்கு அஞ்சல் குறியீடு 31100. டவுனில் இருக்கிற டாக்டருக்கும் அதுதான், சுற்றுத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறவருக்கும் அதுதான். ஐசி எண்? பிறந்த நாளும் பிறந்த மாநிலமும் தெரிந்தால் முதல் எட்டு இலக்கம் கையில். மிச்சம் நாலும் பெரிய ரகசியமில்லை. கிராணி ஏட்டில் இருக்கும், பள்ளிக்கூடப் பாரத்தில் இருக்கும், கடனுக்குச் சாமான் வாங்கிய கடையில் நகலாகவே கிடக்கும். திட்டம் போட்டவர்கள் மனதில் இருந்த திருடன் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறவன். எங்கள் பக்கத்துத் திருடனோ பக்கத்து வீட்டுக்காரன், சில சமயம் சொந்த மருமகன். ‘தெரிந்த ஆளே செய்தால்?’ என்று ஒரு டெஸ்டர் அந்த மேசையில் உட்கார்ந்து கேட்டிருக்கவேண்டும். கேட்டிருப்பாரோ என்னவோ; கேட்டவர் பேச்சு எடுபடவில்லை என்றால் இந்தத் தொழிலில் அதிசயமுமில்லை.

கடைசி நேரத்தில்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2013 அக்டோபர் 1இல் மருத்துவக் காப்பீட்டுக்காக ஹெல்த்கேர்.கவ் என்ற தளத்தைத் திறந்தார்கள். முதல் நாள் முழுக்கப் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர் என்று பிறகு வெளியான குறிப்புகள் காட்டின. ஆறு லட்சம் இல்லை, ஆறே ஆறு. வெவ்வேறு கம்பெனிகள் செய்த துண்டுகளை ஒன்றாகக் கோத்து முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தது, திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் என்று நாடாளுமன்ற விசாரணையில் ஒப்பந்தக்காரர்களே சொன்னார்கள். நமக்கும் 2021 மே 26 மறந்திருக்காது. அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கு நண்பகலில் பதிவு திறந்தது. கோலாலம்பூரில் இருக்கிற தம்பி ஒரு கையில் மடிக்கணினி, ஒரு கையில் கைப்பேசியோடு உட்கார்ந்து கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பல பேருக்குப் பக்கமே வரவில்லை. அப்போதைய அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். கூட்டம் வரும் என்று தெரிந்த நாளில், கூட்டத்தைப் போலியாக உண்டாக்கித் தள்ளிப் பார்ப்பதற்கும் ஒரு சோதனை உண்டு. கோயில் திருவிழாவுக்கு முன்னால் தேர் வடத்தை இழுத்துப் பார்ப்பார்களே, அது மாதிரி.

வராந்தாவில் ஐந்து பேர்

அந்தக் கண் பரிசோதனைக்குப் பிறகு, வேறு ஒரு மருத்துவக் குழுமத்துக்கு எங்கள் கம்பெனியே ஒரு முன்பதிவுச் செயலி செய்ய ஆரம்பித்தது. சோதனை என் பொறுப்பு. ஆபீஸில் ஐந்து பேரை உட்காரவைத்து ஓட்டினார்கள். எல்லாரும் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். கைதட்டல்.

ஐந்து பேர் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய ஒரு கட்டுரை எங்கள் தொழிலில் வேதவாக்கு. ஒரு ஆளை வைத்துச் சோதித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 31 விழுக்காடு வெளியே வரும். ஐந்து பேர் என்றால் ஏறத்தாழ 85 விழுக்காடு. அதற்கு மேல் ஆள் சேர்த்தால் அதே சிக்கலைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்போம். அதைவிட, திருத்திவிட்டு இன்னொரு ஐந்து பேரைக் கூப்பிடுவது லாபம். கணக்கு சரி. ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால்? எங்கள் ஆபீஸ் ஐந்து பேரும் பட்டதாரிகள், இருபதிலிருந்து முப்பதுக்குள் வயசு. ஐந்து தடவை ஒரே ஆளைச் சோதித்த மாதிரிதான்.

அதனால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பொய்ப் பெயர்களும் பொய் எண்களும் போட்ட சோதனைப் பதிப்பைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் நிலம் கைமாறியபோது வெளியே வந்தவர்கள் பலர் அம்மா இருக்கிற தாமான் குடியிருப்பில்தான் இருக்கிறார்கள். கோயில் பூசை முடிந்ததும் அம்மாவும் நாலு பேரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். தேநீர், கொஞ்சம் வடை.

இந்தச் சோதனையில் இரண்டு விதி. ஒன்று, காரியத்தைச் சொல்லலாம், பொத்தானைச் சொல்லக்கூடாது. “வர்ற வியாழக்கிழம காலைல கண் டாக்டரப் பாக்கணும், நேரம் எடுங்க” என்று சொல்லலாம். “முன்பதிவை அழுத்துங்க” என்றால் விடையைக் காதில் ஓதிய மாதிரி. இரண்டாவது, உதவக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். முன்பின் தெரியாத ஆள் திணறினால் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெற்ற தாய் திணறும்போது சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. வடைத் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் திரை. மேல் மூலையில் மூன்று கோடு. உள்ளே பட்டியல் இருக்கிறது என்று உலகம் முழுக்க அதற்கு அர்த்தம். எதிர் வீட்டுப் பாட்டி அதை உற்றுப் பார்த்துவிட்டு, “இது என்னம்மா, லயமா?” என்றார். மூன்று வரிசை லயத்து வீடு! எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அந்த மூன்று கோட்டுக்குப் பின்னால்தான் மொழி மாற்றுகிற வசதியை வைத்திருந்தோம். ஐந்து பேரில் ஒருத்தர்கூட அதைத் தொடவில்லை.

அடுத்து பிறந்த தேதி. நாள்காட்டி திறந்து இந்த மாதத்தைக் காட்டியது. பின்னால் போக ஒரு சின்ன அம்புக்குறி, ஒரு தட்டலுக்கு ஒரு மாதம். அம்மா 1956இல் பிறந்தவர். எண்ணூறு தடவைக்கு மேல் தட்டவேண்டும். அவர் முகம் கோணாமல் தட்டத் தொடங்கினார். ஆண்டைத் தொட்டால் ஆண்டுப் பட்டியல் வரும் என்பது எனக்குத் தெரியும், செயலி எழுதியவருக்குத் தெரியும். அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? 2009 வந்தபோது தேநீர் ஆறிவிட்டது. இத்தனைக்கும் முந்தின கட்டத்தில்தான் ஐசி எண்ணை அடித்திருந்தார். முதல் ஆறு இலக்கத்திலேயே பிறந்த தேதி இருக்கிறது. கையில் கொடுத்ததையே திரும்பக் கேட்டிருக்கிறோம்.

மூன்றாவது ஆள் இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருக்கிற ஒரு அத்தை. வீட்டு எண் கட்டாயம் என்று நட்சத்திரக் குறி. அவர் வீட்டுக்கு எண் கிடையாது. சைபர் போட்டார், ஏற்கவில்லை. யோசித்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் என்று மலாயில் அடித்தார். எழுத்து கூடாது என்றது. தபால்காரருக்கு வழி தெரிகிறது, செயலிக்குத்தான் தெரியவில்லை.

நாலாவது ஆள் பொத்தானைத் தொடுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொடுகிறார். முப்பது வருடம் கத்தி பிடித்துக் காய்ப்பேறிய விரல், காய்ந்த தோல். தொடுதிரைக்கு அந்த விரல் பிடிபடவில்லை. அது போதாதென்று பொத்தான் எறும்பளவு. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை 2023 அக்டோபரில் 2.2 பதிப்பாக வந்தபோது, தொடுகிற இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும் என்று சேர்த்தது. எங்களுடையது 18. வங்கிகளில் கட்டைவிரல் ரேகை வைக்கச் சொல்லும்போதும் இவர்களுக்கு இதே பாடுதான். ரேகை இருந்தால்தானே! அது மரப்பட்டையோடு போய்விட்டது.

ஐந்தாமவர் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டார். எனக்கே ஆச்சரியம். கடைசியில், உறுதிப்படுத்தக் கைப்பேசிக்கு வரும் டேக் எண்ணைக் கேட்டது. ஆறு இலக்கம், மூன்று நிமிடத்துக்குள் போடவேண்டும். சோதனை எண்ணை நான் கொடுக்க வாயெடுப்பதற்குள் அவர், “எனக்கு டேக்கு எம்மவன் போனுக்குத்தான் வரும். அவன் ஜொகூர்ல வேல செய்றான். நைட் ஷிப்ட்டு, இப்ப தூங்குவான்” என்றார். நிஜ வாழ்க்கையில் அவருடைய பதிவு அங்கேயே முடிந்தது. இந்த ஒரு வாக்கியம் எங்கள் ஆபீஸில் ஆயிரம் தடவை சோதித்தாலும் கிடைத்திருக்காது.

ஐந்து பேரும் ஒன்றை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். “எனக்குத்தான்மா தெரியல.” “நமக்கெல்லாம் படிப்பு பத்தாது.” டொனால்ட் நார்மன் 1988இல் வந்த தன் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்கிறவர் தன்னையே நொந்துகொள்வார், கதவைச் செய்தவரைத் திட்டமாட்டார். அரிசிப் பையைத் தூக்கிப் போய்த் தராசை மடக்கிய அதே அம்மா, ஒரு கைப்பேசித் திரைக்கு முன்னால் தலையைக் குனிந்தார். எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆறா, பதினொன்றா, முப்பத்துமூன்றா?

மொழிமாற்றத்தை வெளியே எடுத்துவைத்து, தமிழையும் சேர்ப்பது என்று முடிவானது. இன்னொரு பூதம் கிளம்பியது. மலாயில் ‘ஹந்தார்’ என்று இருந்த குட்டிப் பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ உட்கார மாட்டேன் என்றது. பாதி வெளியே தொங்கியது. ‘அனுப்பு’ என்று மாற்றச் சொன்னேன். பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம்.

அப்புறம் நீளம். மாரியம்மாள் என்று எழுதுங்கள். நாம் எண்ணினால் ஆறு எழுத்து. யூனிகோடு எண்ணினால் பதினொன்று, ஏனென்றால் ‘மா’ அதற்கு ம ஒன்று, கால் ஒன்று. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 33. பெயருக்கு முப்பது இடம் போதும் என்று ஒருவர் பைட் கணக்கில் ஒதுக்கி வைத்திருந்தால், மாரியம்மாள் கடைசி எழுத்தின் புள்ளியைப் பறிகொடுத்து நிற்பார். ‘கொ’ இன்னும் மோசம். ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினி அதைச் சமப்படுத்தாமல் விட்டால், கொண்டம்மாளைத் தேடினால் அப்படி யாரும் இல்லை என்று சொல்லும். குறுஞ்செய்தியிலும் அதேதான். ஆங்கில எழுத்தானால் ஒரு செய்தியில் 160 இடம், தமிழானால் 70. அறுபத்தொன்பது, எழுபது, எழுபத்தொன்று என்று மூன்று செய்தி எழுதி அனுப்பிப் பார்த்தேன். எழுபத்தொன்று எழுத்துச் செய்தி இரண்டு துண்டாகக் கணக்காகி, இரண்டு செய்திக்குக் காசு பிடித்தது.

இத்தனையும் எழுதி அறிக்கை கொடுத்தேன். கூட்டத்தில் வந்த பதில்: “இதெல்லாம் விளிம்பில் இருக்கிற கேஸ். பிறகு பார்க்கலாம்.” இந்த நாட்டில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 20 லட்சம் பேர். அதில் மிகப் பலர் பெயரில் ஒரு சாய்கோடு இருக்கிறது. இத்தனை பேர் நிற்கிற இடம் எப்படி விளிம்பு? பேட்ரிக் மெக்கன்சி என்ற மென்பொருள்காரர் 2010இல் பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்புகிற பொய்களை ஒரு பட்டியலாகப் போட்டார். அதை அச்செடுத்துக் கூட்ட அறையில் ஒட்டினேன். ஒட்டியதில் பிரயோசனம் இருந்ததோ, வராந்தாவில் எடுத்த வீடியோவில் அம்மாவின் ஓயாத தட்டலைப் பார்த்து வாடிக்கையாளரே நெளிந்ததில் பிரயோசனம் இருந்ததோ, எல்லாவற்றையும் திருத்தினார்கள்.

சாய்கோட்டை நானே உட்கார்ந்து துரத்தினேன். பெயர்க் கட்டத்தில் ஏற்கிறதா? ஏற்றது. தரவுத்தளத்தில் அப்படியே இருக்கிறதா? இருந்தது. இணைய முகவரியில் சாய்கோடு என்றால் அடுத்த அறைக்குப் போ என்று அர்த்தம். பெயர் அங்கே போனால் வழி மாறிவிடுமா? மாறியது, திருத்தினார்கள். தேடினால் கிடைக்கிறதா, அச்சில் வருகிறதா? எல்லாம் பச்சை. பழைய ஐசியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற எஸ்/ஓ, டி/ஓ, மாற்றுப் பெயருக்குப் போடுகிற @ குறி, எல்லாம் ஓட்டினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

வெளியான வாரம் அம்மா தானே உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், தமிழில் மாற்றிக்கொண்டு, நேரம் எடுத்தார். எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது குரலில் ஒரு மிடுக்கு. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார்.

“பாப்பா, மெசேஜ் வந்திருக்கு. எம் பேருக்கு நடுவுல நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு. அது யாரு வயசு? என் வயசும் இல்லையே.”

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏ, அப்புறம் ஒரு ஆம்பர்சண்ட், ஒரு ஹாஷ், 47, ஒரு அரைப்புள்ளி, பிறகு பி. இணையப் பக்கத்தில் பாதுகாப்புக்காகச் சாய்கோட்டைச் சங்கேதமாக மாற்றி எழுதுவார்கள். அதன் எண் 47. பக்கத்தில் உலவி அதை மறுபடி கோடாக்கிக் காட்டிவிடும். குறுஞ்செய்திக்கு அந்த வித்தை தெரியாது. வந்ததை வந்தபடி காட்டும். படிவம், தரவுத்தளம், முகவரி, அச்சு எல்லாவற்றையும் பார்த்த நான், அம்மா கையில் கடைசியாகப் போய்ச் சேர்கிற அந்த ஒரு வரியை, நிஜப் பெயரோடு, நிஜக் கைப்பேசியில் பார்க்கவில்லை. எழுபது எழுத்தை எண்ணியவள், எண்ணுவதற்குச் சுலபமாக எல்லாச் செய்தியையும் அ, ஆ, இ என்றே நிரப்பியிருந்தேன்.

பிழை அறிக்கையில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அம்மா பெயரை முழுசாக, கோட்டோடு எழுதினேன். ராத்திரியே திருத்திவிட்டார்கள். “யாருங்க இந்த டெஸ்டர், புதுசா சேந்தாங்களா?” என்று நிரல் எழுதுகிற பையன் கேட்டான்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன், இப்போது எல்லாம் சரி என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“சரி பாப்பா. அங்க போய் உக்காந்தப்பறம் டிவில பேரு வந்து கூப்பிடுமே, அதுல எப்டி வருது?”

வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அம்மாவோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.